ஆஸ்பத்திரி வாசலில் இருளர்கள்

பாம்புக்கடிக்குப் போடும் ஊசிமருந்து எப்படிக் கிடைக்கிறது? நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை உயிரோடு பிடித்து, அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இவ்வேலைக்குப் பேர் போனது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது. சந்தோஷம்தான். ஆனால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சூளையிலிருந்து ஓர் இருளர் பெண் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது?

“தள்ளி நில்” என்ற ஏகவசனம்தான். சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார்கள். திருவள்ளூரா, சென்னை ஸ்டான்லியா, எந்த பஸ், எந்தக் கட்டிடம்? இரண்டு நாள் கூலியும் போய், பிள்ளையோடு குடிசைக்குத் திரும்புகிறாள். பிறகு, இருளர்கள் வைத்தியத்துக்கே வருவதில்லை என்று அவள்மீதே பழி! நர்சுகளும் ஆள் பற்றாக்குறையில் அல்லல்படுகிறார்கள், அறிவோம். அதற்காக ஏழையை ஏசலாமா?

இந்தச் சமயம் பார்த்துத்தான் முதலாளி “உதவிக்கு” வருகிறான். தனியார் வைத்தியத்துக்கு முன்பணம் கொடுக்கிறான். அந்தப் பணத்துக்காகக் குடும்பம் முழுவதும் செங்கல் சூளையிலோ, செங்குன்றம் அரிசி ஆலையிலோ, மரம் வெட்டும் காட்டிலோ கட்டுண்டு கிடக்கிறது. காய்ச்சல் போய்விடுகிறது, கடன் போவதில்லை. 1976-ம் வருஷத்துச் சட்டம் கொத்தடிமை முறையை மட்டுமல்ல, அந்தக் கடனையும் சேர்த்தே ரத்து செய்துவிட்டது. இதை ஒவ்வொரு சூளையிலும் உரக்கச் சொல்ல வேண்டும்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அதற்குக் குடும்ப அட்டை வேண்டும், வருமானச் சான்று வேண்டும். சூளைக்குச் சூளை இடம் மாறும் குடும்பத்துக்கு விலாசம் ஏது? இருளர் பெண் நர்சு படிப்புக்கு ஒதுக்கீட்டு இடம் கேட்டால் பழங்குடிச் சான்று கேட்கிறார்கள். அதற்குக் கோட்டாட்சியர் ஆபீசுக்கு எத்தனை நடை!

கூடலூரில் 1990 முதல் ஆதிவாசி ஆஸ்பத்திரி நடக்கிறது. அங்கே ஆதிவாசிப் பெண்களே நர்சுகள். குடிசை குடிசையாகப் போகும் சுகாதார ஊழியர்களும் அவர்களே. ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரின் ரெட்பெர்ன் பகுதியில், 1971-லேயே ஆதிகுடி மக்கள் தங்கள் சொந்த வைத்தியசாலையைத் திறந்தார்கள். தன் ஜனத்தைக் கண்டால் நோயாளி வாய் திறப்பான். இதில் மந்திரமொன்றும் இல்லை.

ஆகவே சர்க்காரைக் கேட்கிறோம்: திருவள்ளூர் ஜில்லாவின் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றிலும் இருளர் பெண்களை வழிகாட்டும் ஊழியராக நியமியுங்கள், தொண்டு என்று சொல்லி ஏமாற்றாமல் நிரந்தரச் சம்பளம் கொடுங்கள். சூளைக்கும் ஆலைக்கும் அதிகாரிகளே போய் அட்டையும் சான்றும் வழங்கட்டும்.

சர்க்கார் அசையும்வரை நாம் காத்திருப்பதா? சிப்காட் ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளித் தோழர்களே! ஷிப்டு இல்லாத நாளில் இருவர் இருவராக முறை வைத்து, அருகிலுள்ள இருளர் குடியிருப்புக்குப் போங்கள். நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள், சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். அவர்களுக்காகப் பேசுமுன் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது ஏகவசனத்தில் பேசினால், நோயாளி சம்மதத்தோடு, தேதி குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு நகல் சங்க ஆபீசில் இருக்கட்டும்.