தகடு 25 ஆண்டு உழைக்கும், யார் பார்த்துக்கொள்வது?

மாணவர்களே, ஜொகூரில் படிக்கும் நமக்கு மின்சாரம் ஒரு பெரிய விஷயமே இல்லை. சுவிட்சைத் தட்டினால் விசிறி சுற்றும். ஆனால் தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த கதையும், தோட்டத்து ஜெனரேட்டர் இரவில் நின்றதும் லயமே இருண்டுபோன கதையும் வரும்.

நம் நாட்டில் அந்தக் கதை இன்னும் முடியவில்லை. சரவாக்கின் உட்புறத்தில் மின்கம்பி எட்டாத பள்ளிகள் நெடுங்காலமாக டீசல் ஜெனரேட்டரை நம்பியே இயங்கி வந்துள்ளன. எண்ணெய் படகிலும் காட்டுப் பாதையிலும் வந்து சேர வேண்டும். பல பள்ளிகளில் மாணவர்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். ஜெனரேட்டர் நின்றால் இரவுப் பாடமும் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட 369 பள்ளிகளுக்குச் சூரிய சக்தியும் டீசலும் கலந்த மின்சாரம் வழங்க, 1.25 பில்லியன் ரிங்கிட் மதிப்பில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதன் குத்தகை தொடர்பான ஊழல் வழக்கில், 2022 செப்டம்பர் 1ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் குற்றத் தீர்ப்பு வழங்கியது. வழக்கை நாளிதழ்களில் படித்தோம். விளக்குக்காகக் காத்திருந்த பிள்ளைகளைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

இனி கணக்குக்கு வருவோம். படிவம் 3 அறிவியலில் மின்கட்டணம் கணக்கிடக் கற்றிருப்பீர்கள். ஒரு வகுப்பறையில் 18 வாட் எல்இடி விளக்குகள் 4, 60 வாட் விசிறிகள் 2 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 192 வாட். 6 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.15 கிலோவாட் மணி தேவை. நம் நாட்டில் ஒரு நாளில் சராசரியாக 4 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைப்பதாகக் கொண்டால், 400 வாட் தகடு ஒன்று 1.6 கிலோவாட் மணி தரும். வெப்பம், தூசி, கம்பி இழப்பு என்று கால் பங்கைக் கழித்தாலும் 1.2 மிஞ்சும். ஒரு வகுப்பறைக்கு ஒரு தகடு போதும்!

பகல் கணக்கு இவ்வளவு எளிது. விடுதிக்கோ இரவில்தான் விளக்கு வேண்டும். பகல் மின்சாரத்தைச் சேமிக்க மின்கலம் தேவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தகடு 25 ஆண்டுகள் வரை உழைக்கும். ஈய அமில மின்கலமோ சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். தகட்டின் ஆயுளுக்குள் அதைப் பலமுறை மாற்ற வேண்டும். தகட்டில் பாசி படியும், இணைப்பில் துரு ஏறும், இன்வர்ட்டர் பழுதாகும். ஒவ்வொரு முறையும் நகரத்திலிருந்து ஆள் வரக் காத்திருந்தால் பள்ளி மீண்டும் டீசலுக்கே திரும்பும்.

ஆகவே என் கருத்து இதுதான்: பள்ளிக்குச் சூரிய சக்தி கொடுக்கும் எந்தத் திட்டமும், மின்கலம் மாற்றும் செலவையும் உள்ளூர்வாசிகளுக்கான பயிற்சியையும் முதல் நாளிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத திட்டத்துக்கு ஒப்புதலே தரக்கூடாது.

"கிராமத்து மக்களால் இதெல்லாம் முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். இந்தியாவின் ராஜஸ்தானில் உள்ள திலோனியா கிராமத்தைப் பாருங்கள். அங்கு 1972இல் தொடங்கப்பட்ட பேர்ஃபுட் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கும் சூரிய விளக்குகளைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடுக்கிறது. பாகங்களை நிறத்தால் அடையாளம் காணும் முறையில் பாடம் நடக்கிறது. பல நாடுகளிலிருந்து வந்த பெண்கள் சுமார் ஆறு மாதம் பயின்று, ஊர் திரும்பித் தங்கள் கிராமத்துக்கு ஒளியேற்றியிருக்கிறார்கள். பாட்டிமார்களால் முடியும் என்றால், பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் ஆள் கிடைக்காதா?

மாணவர்களே, இது உங்களுக்கும் உரிய துறை. எஸ்பிஎம்முக்குப் பிறகு தொழிற்கல்வி பக்கம் போக நினைப்பவர்கள், சூரிய மின்சாரத் தொழில்நுட்பத்தையும் விசாரித்துப் பாருங்கள். இப்போதைக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் வகுப்பறையின் விளக்குகளையும் விசிறிகளையும் எண்ணி, மேலே உள்ள கணக்கை நீங்களே போடுங்கள். பிறகு இரவு மூன்று மணி நேரம் படிக்க எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்றும் கண்டுபிடியுங்கள். அந்த விடையைத்தான் உட்புறத்துப் பள்ளி ஒவ்வொன்றும் எதிர்பார்த்திருக்கிறது.