கரும்பும் நாணலும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"துணிந்தவருக்குத் துக்கமில்லை" என்பது ஒரு பழமொழி. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது இன்னொரு பழமொழி. இரண்டையும் சொல்லிச் சென்றவர்கள் நம் முன்னோர்களே. எந்த வேளையில் எதைக் கைக்கொள்வது என்பதை மட்டும் அவர்கள் நம் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்!

பத்தாம் வகுப்பில் பயிலும் எங்களுக்கு இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு அன்று. பொதுத்தேர்வு முடிந்தவுடன் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்வது என்று முடிவு செய்தாக வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு கருத்து. "எதில் நல்ல மதிப்பெண் வருகிறதோ அதையே எடு" என்கிறார்கள் சிலர். "காலம் மாறுகிறது, புதிய துறையில் துணிந்து இறங்கு" என்கிறார்கள் வேறு சிலர். நன்றாக வருவதையே பற்றிக்கொள்வதா? பழக்கமில்லாத புதியதில் இறங்கிப் பார்ப்பதா? இதைப் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியதை இங்கே எழுதுகிறேன்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நன்றாகத் தெரிந்த வேலையைத் தொடர்ந்து செய்பவருக்குத் தேர்ச்சி வளர்கிறது. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று தாவுபவருக்கு எதுவும் கைவருவதில்லை. வரப்போகும் லாபத்தை எண்ணிக் கைமுதலை இழக்காதே என்று வள்ளுவர் பெருமானும் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அதே சமயம், தெரிந்ததை மட்டுமே செய்வதென்று எல்லாரும் இருந்திருந்தால் இன்றும் நம் தோட்டத்துக் கிணறுகளில் காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டுதான் இருப்போம். அப்படியானால் விடை எங்கே? வேறெங்கும் தேடிப் போகவேண்டாம். நமது கோவை மாநகரிலேயே அதற்கு அருமையான சான்று ஒன்று இருக்கிறது.

கோயம்புத்தூரில் 1912-ஆம் ஆண்டு கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் நம் நாடு சர்க்கரைக்கு ஜாவாத் தீவை எதிர்பார்த்திருந்தது. வட இந்தியாவில் விளைந்த கரும்பு மெலிந்தது. குளிரையும் வறட்சியையும் தாங்கும், ஆனால் சாறு குறைவு. தெற்கே விளைந்த பருத்த கரும்பு இனிப்பு மிகுந்தது. ஆனால் வடநாட்டுக் குளிரைத் தாங்காது. வடக்கே கரும்பு சரிவரப் பூத்து விதை தருவதில்லை. கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கும், விதை பிடிக்கும். ஆகவேதான் வடநாட்டு வயல்களுக்கான கரும்பை உருவாக்கும் வேலை நம் ஊருக்கு வந்தது.

அங்கே பணியாற்றிய சி. ஏ. பார்பர் அவர்களும் டி. எஸ். வெங்கட்ராமன் அவர்களும் செய்த காரியம் கேட்பவர் சிரிக்கக்கூடியது. இனிப்பான நல்ல கரும்பைக் கொண்டுபோய், ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் நாணலோடு கலப்பினம் செய்தார்கள்! நாணலில் சர்க்கரை எங்கே இருக்கிறது? அதை நட்டுச் சர்க்கரை ஆலை நடத்த முடியுமா? ஆனால் நாணலிடம் வேறொரு செல்வம் இருந்தது. குளிரோ வறட்சியோ நோயோ எது வந்தாலும் அது எளிதில் சாகாது. கரும்பின் இனிப்பும் நாணலின் உறுதியும் ஒரே செடியில் சேருமா என்று பார்த்தார்கள். சேர்ந்தது! அந்தக் கலப்பில் பிறந்த 'கோ 205' என்னும் ரகம் 1918-இல் பஞ்சாப் உழவர்களுக்காக வெளியிடப்பட்டது. 'கோ' என்பது நம் கோயம்புத்தூரின் முதலெழுத்தே என்று அறியும்போது நெஞ்சு நிமிர்கிறது அல்லவா? அதற்குப்பின் வந்த 'கோ' ரகங்கள் வடநாட்டு வயல்களில் பரவின. 1932-இல் அரசு அளித்த சுங்கவரிப் பாதுகாப்பும் சேர்ந்துகொள்ள, சர்க்கரைக்காக வெளிநாட்டை நம்பியிருந்த நிலை மாறியது.

தோழியரே, இந்த வரலாற்றில் நான் கண்ட பாடம் இதுதான்: அந்த விஞ்ஞானிகள் கரும்பைக் கைவிட்டு நாணலுக்குத் தாவவில்லை. கரும்பே போதும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் இல்லை. பலத்தை ஒரு பெற்றோராகவும் புதுமையை மற்றொரு பெற்றோராகவும் வைத்தார்கள்.

அவர்கள் வேலை செய்த முறையையும் கவனிக்க வேண்டும். உழவர் கரும்பைக் கரணை வைத்து நடுவார். தாய்க் கரும்பு எப்படியோ அப்படியே வளரும். ஆராய்ச்சியாளரோ பூவிலிருந்து கிடைக்கும் தூசி போன்ற விதையைத் தூவி நாற்று வளர்க்கிறார். ஒரு நாற்றுப்போல் மற்றொன்று இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான நாற்றுகளைச் சோதித்து ஏறக்குறைய அனைத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சும் ஒன்றிரண்டை மட்டுமே ஆண்டுக்கணக்கில் நட்டுப் பார்க்கிறார். நாணலின் கலப்பால் இனிப்புக் குறைந்தால், மீண்டும் இனிப்புக் கரும்போடு சேர்க்கிறார். தோல்வி முழுவதும் அந்தச் சிறு பாத்தியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. உழவரின் வயலுக்கு வருவது தேறியது மட்டுமே. இதனால் பழைய ரகங்களை அவர்கள் தூக்கி எறிவதும் இல்லை. இந்நிலையத்தின் கண்ணூர் ஆய்வு மையத்தில் பல நாட்டுக் கரும்பு வகைகளையும் காட்டு இனங்களையும் இன்றளவும் சேர்த்து வளர்த்துப் பாதுகாக்கிறார்கள்.

துணிச்சல் என்றால் உள்ளதையெல்லாம் ஒரே நாளில் பணயம் வைப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியன்று. எங்கள் அப்பாரு தம் தோட்டத்தில் மஞ்சள் ஒரு பக்கம், மாட்டுக்குச் சோளத்தட்டு ஒரு பக்கம் வைப்பார். புதிய விதை எதுவும் வந்தால் வரப்போரம் நாலு பாத்தியில் மட்டும் போடுவார். "வந்தால் விதை, வராவிட்டால் உரம்" என்பார். ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய தத்துவமும் அதுவே!

"நமக்கு நன்றாக வருவதையே செய்தால் ஆபத்தே இல்லையே" என்று சிலர் கூறலாம். அதுவும் முழு உண்மையன்று. இதே நிலையத்தின் கர்னால் மையத்தில் உருவான 'கோ 0238' என்னும் கரும்பு 2009-இல் வெளியிடப்பட்டது. விளைச்சலும் அதிகம், சர்க்கரையும் அதிகம். உத்தரப் பிரதேசத்து உழவர்கள் மற்ற ரகங்களை விட்டுவிட்டு, தங்கள் கரும்பு வயல்களில் மிகப் பெரும் பகுதியில் இந்த ஒன்றையே நட்டார்கள். சில ஆண்டுகளில் செவ்வழுகல் நோய் அந்த ரகத்தைத் தாக்கத் தொடங்கியது. வயலுக்கு வயல் ஒரே ரகம் இருந்ததால் நோய் பரவுவது எளிதாயிற்று. இப்போது வேறு ரகங்களுக்கு மாறுங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை கூறப்படுகிறது. கெட்ட கரும்பை நட்டதால் வந்த துன்பம் அன்று இது. மிக நல்ல கரும்பை மட்டுமே நட்டதால் வந்த துன்பம்! நம் பலமும் அளவுக்கு மீறி நம்பப்பட்டால் பலவீனமாகிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, இதே நிலையத்தில் பணிபுரிந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. அவர் டாக்டர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். நம்மைப்போலவே கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்றவர். சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோவைக் கரும்பு நிலையத்தில் பணியாற்றினார். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலந்து பார்த்தார். பிறகு இங்கிலாந்து சென்று, போர்க்காலத்தில் லண்டன் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம்களைப் பற்றிய பெருநூலை 1945-இல் வெளியிட்டார். பின்னர் தாயகம் திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது அவரை அடைந்தது.

அவர் வாழ்வில் ஊர் மாறியது, நாடு மாறியது, ஆராய்ந்த செடிகளும் மாறின. மாறாதது ஒன்றே: நுண்ணோக்கியின் அடியில் குரோமோசோமைப் படிக்கும் அவருடைய கைத்தேர்ச்சி. அந்த ஒரு பலத்தை எடுத்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு புதிய வாசலையும் தட்டினார்.

நம் ஊரின் தொழில் வரலாறும் இதையே கூறுகிறது. 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் பஞ்சாலையும் அதன்பின் வந்த ஆலைகளும் இங்கே நூல் நூற்றன. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் தோன்றின. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. பஞ்சு வேலையில் பழகிய கைகள் இரும்பு வேலைக்கும் பழகின. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்கள், பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து 1937-இல் மின்மோட்டாரை இங்கேயே உருவாக்கினார். கொங்கு நாட்டுக் கிணறுகளுக்குப் பம்பு தேவைப்பட்டது. பம்புக்கு மோட்டார் தேவைப்பட்டது. ஒவ்வொரு புதிய தொழிலும் முன்பிருந்த தொழிலின் தோள்மீது ஏறி நின்றே உயர்ந்தது.

இவ்விடத்தில் பெற்றோர்களிடம் பணிவுடன் ஒன்று கேட்க விரும்புகிறேன். நம் பகுதியில் ஒரு பையன் லேத் போட்டுப் பட்டறை வைக்கிறேன் என்றால், தோட்டத்தின்மேல் கடன் வாங்கியாவது கொடுக்கிறார்கள். நஷ்டம் வந்தால் "போகட்டும், தொழில் கற்றுக்கொண்டான்" என்கிறார்கள். அதே வீட்டுப் பெண் பழக்கமில்லாத ஒரு படிப்பைக் கேட்டு அதில் ஓராண்டு தடுமாறினால், "அப்போதே சொன்னோமே" என்கிறார்கள். அவளுடைய தங்கையின் படிப்பையும் அந்த ஒரு தடுமாற்றத்தை வைத்தே அளக்கிறார்கள். பையனின் தோல்வி அனுபவம் ஆகிறது. பெண்ணின் தோல்வி தீர்ப்பு ஆகிறது. ஆகவேதான் பெண்கள் பலர் புதியதன் பக்கமே போவதில்லை. அது துணிச்சல் இன்மையால் அன்று; விலை அதிகம் என்பதால். எங்களுக்கு முழுத் தோட்டமும் வேண்டாம். அப்பாருவின் வரப்போர நாலு பாத்தி எங்களுக்கும் வேண்டும்.

ஆண்டவர் இயேசு கூறிய தாலந்து உவமை நாம் அனைவரும் அறிந்ததே. தாலந்தை மண்ணில் புதைத்தவனைத் தலைவர் கடிந்துகொண்டார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கொண்டே வாணிபம் செய்த மற்ற இருவரைப் பாராட்டினார். அந்த உவமையில் வாணிபம் செய்து இழந்தவர் எவரும் இல்லை. ஆனால் உலகில் உண்டு. அவ்வாறு இழந்து வருபவளையும் அணைத்துக்கொள்ளும் வீடும் பள்ளியும் இருந்தால்தான், மற்றவர்கள் புதைத்து வைத்ததைத் தோண்டி எடுக்கத் துணிவார்கள்.

நம் பள்ளிக்கும் ஒரு யோசனை. ஆண்டுதோறும் நன்றாகப் பாடுபவளே பாடுகிறாள். நன்றாக ஓடுபவளே ஓடுகிறாள். அணித் தலைவிகளைக் குறை கூற முடியாது. அவர்களுக்குக் கேடயம் வேண்டும்! ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் ஓர் அணிக்கு ஓரிடம், அதுவரை அப்போட்டியில் கலந்துகொள்ளாதவளுக்கு என்று ஒதுக்கினால் என்ன? மற்ற இடங்களில் வழக்கம்போல் வல்லவர்களே நிற்கட்டும். கேடயமும் பத்திரமாக இருக்கும். நம்மிடையே மறைந்திருக்கும் ஒரு கோ 205-உம் வெளிப்படலாம்.

என்னைப் பொறுத்தவரை, மொழிப் பாடங்கள் எனக்கு எளிதாக வருகின்றன. உயிரியலில் ஆசை இருக்கிறது. ஆனால் அதற்கு இன்னும் நிறைய உழைக்க வேண்டும். நான் உயிரியல் பிரிவைக் கேட்கப் போகிறேன். தமிழை விட்டுவிட்டு அன்று, அதையும் கையில் எடுத்துக்கொண்டு. ஒரு செடியைப் பற்றி நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் புரியும்படி தமிழில் எழுதக்கூடியவள் அந்தத் துறைக்கும் தேவைப்படுவாள் அல்லவா?

ஆகவே தோழியரே, உங்கள் கரும்பு எது என்று முதலில் கண்டுகொள்ளுங்கள். பிறகு ஆற்றோரத்து நாணலையும் ஒருமுறை சென்று பாருங்கள்.