கடல் கேட்கும் கேள்வி

மும்பையின் பாந்திரா–ஒர்லி கடற்பாலத்தைக் கண்டு வியக்காத பொறியியல் மாணவர் நம்மிடையே இரார். 2009-இல் திறக்கப்பெற்ற அப்பாலத்தின் மேல்தளம் கரையிலே துண்டு துண்டாக வார்க்கப்பட்டது. பின்னர் கடலுக்குக் கொண்டுசென்று, எபாக்சிப் பசை பூசி ஒட்டி, எஃகு வடங்களால் இறுக்கினார்கள். முன்வார்ப்புக் கான்கிரீட்டின் வெற்றி என்கிறோம். சொல்லட்டும். ஆனால், எத்தனை டன் தாங்கும் என்ற கேள்வியோடு நின்றுவிடலாகாது என்பதே என் கட்சி.

கான்கிரீட் கட்டியை 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்கிறோம். நல்ல எண் வந்தால் மகிழ்கிறோம். கடலோ, "உள்ளே நுழைய வழி உண்டா?" என்று கேட்கிறது. உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே கம்பியை எட்டினால், அதைக் காக்கும் மெல்லிய படலம் கெடும். துருவேறிய இரும்பு பருக்கும், கான்கிரீட் வெடிக்கும், அந்த வெடிப்பிலே மேலும் உப்பு புகும். எந்நேரமும் நீரில் மூழ்கிய பகுதி இத்தனை பாடுபடுவதில்லை. அங்கே ஆக்சிஜன் குறைவு. அலை நனைத்து வெயில் உலர்த்தும் இடந்தான் பொல்லாதது. சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் மூடல் போதும் என்னும் ஐ.எஸ். 456 விதிநூல் (2000), அலை ஏறியிறங்கும் பகுதிக்கு 75 கேட்கிறது.

கோவாவில் மாண்டவி ஆற்றின் மீது 1970-இல் திறந்த பாலம் 1986 ஜூலையில் இடிந்து விழுந்தது. பதினாறே வயது! தாணே கழியின் மேல் 1973-இல் வந்த வாஷிப் பாலத்திலும் வடங்கள் அரித்துப் போயின. 1997-இல் பக்கத்திலேயே வேறு பாலம் வந்தது.

முன்வார்ப்பில் ஓர் அரிய வசதி உண்டு. கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, கான்கிரீட் நன்றாக நீர் குடித்து இறுகியதா என்று கரையிலேயே சோதித்து, குறையுள்ள துண்டைத் தள்ளிவிடலாம். (நடுக்கடலில் வார்த்ததை எங்கே தள்ளுவது?) ஆனால் நாளொன்றுக்கு இத்தனை துண்டு என்று கணக்குப் போட்டு, நீராவியில் அவசரமாக இறுகவைத்து, அச்சைக் கழற்றி அடுத்ததை வார்க்கும் முற்றத்தில், நழுவிய கவர் பிளாக்கை யார் குனிந்து பார்ப்பார்? துண்டுகள் சேரும் ஒட்டுகளும் அப்படியே. பசை விட்டுப்போன இடம் கடலுக்குத் திறந்த வாசல்.

ஆகவே டெண்டரில் நசுக்கு வலிமையோடு குளோரைடு ஊடுருவல் சோதனையும் கட்டாயமாக வேண்டும். துண்டுகளைத் தள்ளுவதற்கென்று சில நாட்களை வேலை அட்டவணையிலேயே ஒதுக்கவும் வேண்டும். அந்த நாட்கள் கையில் இருந்தால்தான் மேற்பார்வைப் பொறியாளர் தயங்காமல் 'இது வேண்டாம்' என்று எழுதுவார்.