சிவிங்கிப்புலி மீது கல்வீச்சு ஏன்?

மத்தியப் பிரதேசத்தில் உள்ள குனோ காட்டுக்கு 2022 செப்டம்பரில் நமீபியாவில் இருந்து 8 சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து இறங்கின. 2023 பிப்ரவரியில் தென்ஆப்பிரிக்காவில் இருந்து மேலும் 12 வந்தன.

இது சிறுத்தை அல்ல. கர்ஜிக்கத் தெரியாது. மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் பாயும். ஆனால் சில நூறு மீட்டர்தான். அப்புறம் மூச்சு வாங்கும். அப்போது சிறுத்தை வந்தால் இரையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்!

அந்தக்கால மன்னர்கள் இதைப் பழக்கி மான் வேட்டைக்குக் கூட்டிப் போனார்கள். கூண்டில் குட்டி போடுவது அபூர்வம். அதனால் காட்டில் இருந்தே பிடித்தார்கள். இனம் சுருங்கியது. 1947-ல் கோரியா மகாராஜா மூன்றைச் சுட்டுத் தள்ளினார். 1952-ல் "இந்தியாவில் இந்த இனம் அழிந்தது" என்று அரசு அறிவித்தது.

2025 மார்ச்சில் குனோ பக்கம் கன்றுக்குட்டி மீது பாய்ந்த தாயையும் குட்டிகளையும் ஊர்க்காரர்கள் கல்லால் அடித்தனர். கன்று போனால் ஏழைக்குப் பிழைப்பு போச்சு. நஷ்டஈடு உடனே கைக்கு வரட்டும். கல் தானாகக் கீழே விழும்!