டபுள் ஆக்ட் வண்டுகள்

தமிழ் சினிமா டபுள் ஆக்ட்டில் ஒரு சௌகரியம் உண்டு. கன்னத்தில் மரு இருந்தால் தம்பி, இல்லாவிட்டால் அண்ணன். கதாநாயகியின் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் குழப்பம் வராது. பொறிவண்டுகளுக்கு மேக்கப் போட்ட ஆசாமி அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை.

பெரிய சைஸ் பொறிவண்டு என்றால் சமாளித்துவிடலாம். முதுகுப் புள்ளிகளை எண்ணினால் போச்சு. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் எபிலாக்னாவில் ஒரு வகைக்கு 28 புள்ளி. இந்தக் கோஷ்டி சுத்த சைவம். உறவுக்காரர்களில் பெரும்பாலோர் அசைவம்: அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி என்று வெளுத்துக் கட்டுவார்கள். சைவத்தை எதிரியாகவும் அசைவத்தை நண்பனாகவும் விவசாயி பார்ப்பது இங்கே மட்டும்தான்!

எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய பூனைமுடி இருக்கும்; பளபளப்பு கிடையாது. கத்தரித் தோட்டத்தில் கண்ணில் படும் மற்ற பெரிய பொறிவண்டுகள் புதுப் பெயிண்ட் அடித்த கார் மாதிரி மின்னும். சரி, 'முடி இருந்தால் வில்லன்' என்று ஃபார்முலா போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள் ஸார். ஸ்கிம்னஸ் என்று ஒரு வகை. கடுகு சைஸ், சுமார் 2 மில்லிமீட்டர். உடம்பெல்லாம் முடி. ஆனால் பரம நல்லவர், பூச்சி தின்பவர். ஃபார்முலா அம்பேல்.

இந்த வகையில் மட்டும் உலகத்தில் அறுநூறு இனங்களுக்கு மேல். பாதிப் பேர் கறுப்பு, மீதிப் பேர் பழுப்பு என்கிற லட்சணத்தில் இருக்கும். நெஃபஸ் என்று ஒரு பங்காளி வேறு. ஸ்கிம்னஸுக்கு முன்னங்கால்களுக்கு நடுவே, நெஞ்சில், இரண்டு மெல்லிய வரப்புகள் ஓடும், நெஃபஸுக்குக் கிடையாது. கடுகைத் திருப்பிப் போட்டு அதன் நெஞ்சில் வரப்பு தேட மைக்ராஸ்கோப் வேண்டும். அதற்கப்புறமும் இனத்தின் பெயர் வேண்டுமென்றால் ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து, காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். கிடைத்தது பெண் வண்டு என்றால் பல சமயம் நிபுணரே கையை விரித்துவிடுவார்.

'நமக்கெதுக்கு ஸார் இந்த ஆராய்ச்சி' என்பீர்கள். விஷயம் இருக்கிறது. வண்டாவது பரவாயில்லை, இவற்றின் புழுக்கள் இன்னும் மோசம். உடம்பு பூராவும் வெள்ளை மெழுகு இழை. அசல் மாவுப்பூச்சி போலவே இருக்கும். காரணம் உண்டு. மாவுப்பூச்சி விடுகிற இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதற்கு பாடிகார்டாக நிற்கும். மெழுகுச் சட்டை போட்ட புழு அந்தக் காவலைத் தாண்டி உள்ளே போய் விருந்து சாப்பிடும். எறும்புக்காகப் போட்ட வேஷத்தில் மனிதனும் ஏமாறுகிறான். வெள்ளையாக எது தெரிந்தாலும் மருந்தடிக்கிறான். போலீஸும் திருடனும் சேர்ந்தே சாகிறார்கள். பிறகு, மிச்சமிருக்கும் திருடனுக்குக் கொண்டாட்டம்.

1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க வந்தவர், அதை விட்டுவிட்டு மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டார்! இன்றும் பழத்தோட்டங்களில் அந்த உத்தியோகம்தான். இவருடைய புழுவும் வெள்ளைச் சட்டைக்காரர்.

உங்கள் வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், மருந்து பாட்டிலைத் திறக்குமுன் ஈர்க்குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தால், அல்லது சோம்பலாக நகர்ந்தால், மாவுப்பூச்சி. விறுவிறுவென்று ஓடினால் பொறிவண்டுப் புழு, விட்டுவிடுங்கள்.

ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே சாறு உறிஞ்சுகிறார். இன்னொருவர் ஓடி ஓடி வேலை பார்க்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. மெமோ யாருக்குப் போகும் என்று ஆபீஸ் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?