வேலைக்கு ரயில் உண்டு, சந்தைக்கு வழி எங்கே? கார் இல்லாமல் வாழும் வெளிநாட்டுத் தமிழர்கள்

தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வரும் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே கிடைக்கும் அறிவுரை, "சீக்கிரம் ஒரு கார் வாங்கிவிடுங்கள்" என்பதுதான். கணினித் துறைப் பொறியாளராக வந்தவருக்கு அதைச் சொல்கிறார்கள். உணவகத்தில் ரொட்டி சானாய் போட வந்தவருக்கு அதைச் சொல்வார் இல்லை. அவர் கார் வாங்கப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் நம் ரயில் வரைபடத்தைப் பார்த்தால் அந்த அறிவுரை பழசாகிப் போயிருக்க வேண்டும். 1995-இல் கேடிஎம் கொமுட்டர் வந்தது. மறு ஆண்டு எல்ஆர்டி வந்தது. 2003-இல் மோனோரயில், 2017-இல் எம்ஆர்டி காஜாங் தடம், 2023 மார்ச்சில் எம்ஆர்டி புத்ராஜெயா தடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக முழுமை பெற்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரயில் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இருந்தும் அந்த அறிவுரை மாறவில்லை. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் பயணத்தை ரயில் ஓரளவு எளிதாக்கிவிட்டது. சிக்கல் மற்ற பயணங்களில்தான். வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளில் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். கறிவேப்பிலை, தேங்காய், மீன் வாங்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கிளினிக் போக வேண்டும். கடப்பிதழ் காலாவதியாகப் போகிறது என்றால் அதையும் பார்க்க வேண்டும். கோயிலுக்கும் போய்வர வேண்டும். இந்த ஐந்து வேலைகளும் ஐந்து திசைகளில் கிடக்கின்றன.

எல்லாத் தடமும் நகரத்தை நோக்கியே

நம் ரயில் தடங்களில் பெரும்பாலானவை புறநகரையும் நகர மையத்தையும் இணைப்பவை. காஜாங்கிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் மையத்துக்கு வரலாம். ஆனால் ஒரு தாமானிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள அடுத்த தாமானின் சந்தைக்குப் போக அந்த ரயில் உதவாது. வீட்டு வேலைகளுக்கான பயணம் பெரும்பாலும் இப்படிப் பக்கவாட்டில் நடப்பதுதான்.

இந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய எம்ஆர்டி 3 வட்டத் தடம் 51 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. 2032-ஐ இலக்காக வைத்து அது பேசப்படுகிறது. அதுவரை பக்கவாட்டுப் பயணம் பேருந்தையும் கிராப்பையும் நம்பியே இருக்கும்.

மோண்ட் கியாரா இதற்கு நல்ல உதாரணம். வெளிநாட்டு நிபுணர்கள் அதிகம் வாழும் பகுதி என்று பெயர் வாங்கிய இடம் அது. இந்தியத் தூதரகமும் அங்குள்ள உயரமான கட்டடம் ஒன்றில்தான் இயங்குகிறது. அங்கே ரயில் நிலையம் கிடையாது. வேறு நிலையத்தில் இறங்கிப் பேருந்தோ கிராப்போ பிடிக்க வேண்டும். இந்தியக் குடிமகன் ஒருவர் தம் சொந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போக ரயில் மட்டும் போதாது.

சைபர்ஜெயாவின் நிலை சற்று வேறு. அதன் பெயரிலேயே இரண்டு எம்ஆர்டி நிலையங்கள் உள்ளன. ஆனால் அங்குள்ள பல அலுவலகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து போய்ச் சேர முடியாது. ஒரு வெள்ளிக் கட்டணத்தில் ஓடும் இணைப்புப் பேருந்து அடிக்கடி வந்தால் பிரச்சினை இல்லை. அது வரத் தாமதமானால் ரயிலில் மிச்சப்படுத்திய நேரம் நிறுத்தத்திலேயே கரைந்துவிடுகிறது.

தண்டவாளம் போட்டவர்களின் ஊர்கள்

அப்படியானால் கார் இல்லாத தமிழர் எங்கேதான் நிம்மதியாகக் காரியம் பார்க்கிறார்? பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, மஸ்ஜிட் இந்தியா, பத்துமலை ஆகிய ஐந்து இடங்களையும் சொல்லலாம். ஐந்திலும் ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

இதில் பாதி தற்செயல் அல்ல. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த ரயில் பாதை 1886-இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்திலிருந்து தண்டவாளம் போட்டவர்களில் பெரும் பகுதியினர் தென்னிந்தியத் தமிழர்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் வந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர் பலர். அவர்களுக்கான குடியிருப்புகள் பிரிக்பீல்ட்ஸிலும் ரயில்வே பட்டறை இருந்த செந்தூலிலும் எழுந்தன. குடியிருப்பைத் தொடர்ந்து கோயில் வந்தது, மளிகைக் கடை வந்தது, பூக்கடை வந்தது. இன்று ஓசூரிலிருந்து வந்த பொறியாளர் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பத்து நிமிட நடையில் மல்லிகைப் பூவும் மசால் தோசையும் வாங்க முடிகிறதென்றால், அதற்கு அந்தப் பழைய தலைமுறைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பக்கத்திலுள்ள மோனோரயில் நிலையமும் துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதற்குப் பின் கட்டப்பட்ட ஊர்கள் வேறு மாதிரி. 1983-இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கியது. 1985-இல் சாகா கார் சாலைக்கு வந்தது. நீண்ட காலக் கார் கடன், மலிவான பெட்ரோல், விரைவுச் சாலைகள் மூன்றும் சேர்ந்து புதிய தாமான்களின் அமைப்பையே மாற்றின. கடை வரிசைக்கு முன்னால் கார் நிறுத்த இடம் விட்டார்கள். நடந்து வருபவருக்கு இடம் விட மறந்தார்கள். 1975 முதல் 1998 வரை தலைநகரில் ஓடிய 'பாஸ் மினி' மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து வந்தது. அது ஓட்டிய வேகத்தைத் திட்டாதவர் இல்லை. ஆனாலும் சந்தை வாசலில் இறக்கிவிட்டது.

இன்று நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை மக்கள் தொகையையே மிஞ்சிவிட்டது. கார் இல்லாமல் ஒருவர் வாழ்வார் என்பதைத் திட்டமிடுபவர்கள் நினைத்துப் பார்க்காததன் விளைவு இது.

சலுகைக்கு நடுவே ஒரு கோடு

வெளிநாட்டவர் என்றால் இன்னொரு சுமையும் சேர்கிறது. மாதம் 50 வெள்ளிக்கு ரேபிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்ய உதவும் மை50 பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. ஒரு வழிக்கு 3 வெள்ளி 50 சென் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலை நாள் என்றால் வெளிநாட்டவருக்கு 154 வெள்ளி. அதே இருக்கையில் உட்கார்ந்து வரும் குடிமகனுக்கு 50 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெருகும். ஒரு நாள், மூன்று நாள் பாஸ்கள் சுற்றுலாப் பயணிக்கு ஏற்றவை. இரண்டு மூன்று ஆண்டு வேலை ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை.

கார் வாங்கினாலும் அந்தக் கோடு கூடவே வருகிறது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 99 சென். வெளிநாட்டவருக்கு அப்போது 2 வெள்ளி 60 சென். 40 லிட்டர் நிரப்பினால் வித்தியாசம் 24 வெள்ளி 40 சென்.

வரிப்பணத்தில் கொடுக்கும் சலுகை குடிமக்களுக்கே முதலில் சேர வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பெட்ரோல் சலுகையும் ரயில் சலுகையும் ஒன்றல்ல. வெளிநாட்டவர் ஒருவர் ரயிலுக்கு மாறினால் சாலையில் ஒரு கார் குறைகிறது. அதன் பலன் குடிமகனுக்கும் கிடைக்கிறது. இரண்டாவது, குடியுரிமை என்று கோடு கிழிக்கும்போது அந்தப் பக்கம் நிற்பவர் வெளிநாட்டு நிபுணர் மட்டும் அல்ல. இந்த மண்ணிலேயே பிறந்து, தோட்டத்தில் பால் மரம் சீவி, இன்னும் சிவப்பு அடையாள அட்டையை வைத்திருக்கும் நம் முதியவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள்.

வீட்டில் இருப்பவருக்குத்தான் அதிகச் சிரமம்

கார் இல்லாத குடும்பத்தில் யாருக்குச் சிரமம் அதிகம்? வேலைக்குப் போகிறவரைவிட வீட்டில் இருப்பவருக்குத்தான். வெளிநாட்டு நிபுணரின் மனைவி டிபெண்டன்ட் பாஸில் வருகிறார். தனி அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது. பிள்ளையைப் பள்ளியில் விடுவது, கிளினிக் போவது, மளிகை வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. இவற்றில் ஒன்றுகூட ரயில் தடத்தில் இல்லை. கிராப் கூப்பிடலாம். மழை பெய்தால், பள்ளி விடும் நேரம் என்றால் கட்டணம் ஏறும். போக ஒரு தொகை, வர ஒரு தொகை என்று பார்க்கும்போது, பல நாள் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று வேலை தள்ளிப் போகும். அப்படித் தள்ளிப் போவது மருத்துவச் சந்திப்பாகவும் இருக்கலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பெரிய சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, சம்பள நாள் சாமான்களைத் தலையில் சுமந்து, செம்மண் பாதையில் லயம் வரை நடந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பிள்ளைகள் தலைநகருக்கு வேலைக்குப் போன பிறகு, தோட்டத்தில் தங்கிவிட்ட பெற்றோர் இன்றும் அரசாங்க மருத்துவமனைக்குப் போக, கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெட்ரோல் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். அவருக்கு நேரம் இருந்தால்தான் பயணம். மோண்ட் கியாரா கொண்டோவில் இருக்கும் பெண்ணுக்கும் இந்தப் பாட்டிக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை இருவருக்கும் ஒன்றுதான்.

மாற்று வழியாகப் பலர் மோட்டார் சைக்கிளை நாடுகிறார்கள். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கார் வாங்க முடியாதவருக்குப் பேருந்தும் இல்லாதபோது, அவர் கொடுக்கும் விலை சில நேரம் உயிராக இருக்கிறது.

கடைசி ஒரு கிலோமீட்டர் யார் பொறுப்பு?

ரயிலை மத்திய அரசாங்க நிறுவனம் ஓட்டுகிறது. நிலையத்துக்கு வெளியே நடைபாதை நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது. குறுக்கே போகும் நெடுஞ்சாலை சலுகை நிறுவனத்தின் கையில். இலவச வட்டாரப் பேருந்து சிலாங்கூரில் மாநில அரசின் திட்டம். வீட்டு வாசலிலிருந்து சந்தை வரை ஒருவர் நடக்கும் பாதை மூன்று நான்கு அமைப்புகளின் எல்லைகளைத் தாண்டுகிறது. அதனால்தான் நடைபாதை ஒரு சாக்கடை மூடியோடு முடிந்து, மறுபக்கம் தொடராமலே போகிறது.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் உண்டு. கைப்பேசிச் செயலியில் அழைத்தால் வரும் ரேபிட் ஆன்-டிமாண்ட் வேன்கள் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் தொடங்கப்பட்டன. பெரிய பேருந்து நுழையாத தாமான்களுக்குள் அவை போகின்றன. சந்தைக்கும் கிளினிக்குக்கும் போக இதுவே பொருத்தமான அளவு. ஈப்போ, சிரம்பான் போன்ற நகரங்களில் மைபாஸ் பேருந்துகள் ஓடுகின்றன. இந்த வேன்களையும் பேருந்துகளையும் தோட்டப்புறச் சந்திப்புகள் வரை நீட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். செயலியைப் பயன்படுத்தத் தெரியாத முதியவர் தொலைபேசியில் அழைக்கவும் வழி இருக்க வேண்டும்.

வெளிநாட்டவருக்கு 50 வெள்ளிச் சலுகை தர மனமில்லை என்றால், மானியம் இல்லாத விலையிலாவது ஒரு மாதப் பாஸ் விற்கலாம். அரசாங்கத்துக்கு அதில் நஷ்டம் இல்லை. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் முதியவர்களை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவருவதற்கு, அதைவிடப் பெரிய காரணமே தேவையில்லை; அவர்கள் வயதே போதும்.

மற்றது நம் கையிலும் இருக்கிறது. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு நகராண்மைக் கழக உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயினும் அவர்களிடம் மனு கொடுக்கலாம். சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். கோயிலுக்கு நிலம், பள்ளிக்கு மானியம் கேட்டு அவர்களிடம் போகிறோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்தக் கோயில் வரை ஒரு நடைபாதையும் நிழலும் கேட்டு எத்தனை மனுக்கள் போயிருக்கும்?

அந்தப் பாதையில் நடக்கப் போவது வெளிநாட்டிலிருந்து வந்தவர் மட்டும் அல்ல. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் ஊர் திரும்பிவிடுவார். கார் ஓட்டுவதை நிறுத்திவிட்ட நம் அப்பாக்களும், ஓட்டக் கற்றுக்கொள்ளாத நம் அம்மாக்களும் இங்கேதான் இருப்பார்கள்.