பிள்ளை சோம்பேறியா?

அடுத்த விடுமுறைக்குத் திற்பரப்பு அருவிக்குப் போவதாக இருக்கிறீர்களா? நன்றாகக் குளித்துவிட்டு வாருங்கள். ஆனால், கரையில் உட்கார்ந்த உங்கள் ஐந்து வயதுப் பையன் எப்படி எழுந்திருக்கிறான் என்பதையும் சற்றுக் கவனியுங்கள். முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் மேல் தானே ஏறுவதுபோல் எழுகிறானா? கெண்டைச் சதை மட்டும் பயில்வானுக்குப்போல் பருத்திருக்கிறதா? 'சோம்பேறி' என்று அதட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

டூஷேன் தசைநலிவு என்று ஒரு நோய் உண்டு. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. காரணம் 1987-ல்தான் தெரிந்தது: டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் இல்லாமைதான்.

பந்தலுக்குச் சட்டம் இருப்பதுபோல் தசையின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தை அணுவின் மேல்தோலோடு கட்டும் கயிறுதான் டிஸ்ட்ரோபின். கயிறு இல்லாவிட்டால், தசை சுருங்கும்போதெல்லாம் தோல் கிழியும். நாளடைவில் தசை நலியும்.

கயிறு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? நோய்க்கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள நம் ரத்தம் 'ஆன்டிபாடி' என்ற பொருளை உண்டாக்குகிறதல்லவா? டிஸ்ட்ரோபினின் ஒரு துண்டைப் பிராணிக்கு ஊசி போட்டால், டிஸ்ட்ரோபினை மட்டும் பற்றும் ஆன்டிபாடி கிடைக்கும். அதைச் சாயத்தோடு சேர்த்து, பையனின் தசைத் துணுக்கின்மேல் இட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நல்ல தசையில் ஒவ்வொரு நாரைச் சுற்றியும் வளையல் போட்டாற்போல் கோடு தெரியும். இந்த நோயில் வளையல் இராது.

இப்போதெல்லாம் முதலில் ரத்தத்தையும் மரபணுவையும் சோதிக்கிறார்கள். அதில் தெளிவு கிடைக்காதபோது ஆன்டிபாடி கைகொடுக்கிறது. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள்.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் டாக்டர் தரும் ஸ்டீராய்டு மருந்தும் முறையான பயிற்சியும் பையன் நடமாடும் காலத்தை நீட்டுகின்றன. அடுத்த குழந்தையைப் பற்றித் தாயும் அவள் சகோதரிகளும் முன்கூட்டியே ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. 'தாய்வழி வருவது' என்று கேட்டதுமே மருமகளைக் கரித்துக் கொட்டும் வீடுகள் உண்டு. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு இது தாயிடமிருந்து வருவதே இல்லை, புதிதாக நேர்வது. அவளிடமிருந்தே வந்திருந்தாலும், தெரிந்தா கொடுத்தாள்? மாமியார்மார்களே, பேரனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, மருமகளின் கையையும் பிடித்துக்கொண்டு போங்கள். அந்த வீட்டில் அன்று அதிகமாக நடுங்குவது அந்தக் கைதான்.